பானை, ஜாடி, சதுப்பு: மருத்துவ அட்டை வளர்ப்பின் வரலாறு

மருத்துவ அட்டைக்கு ஆண்டில் இரண்டு வேளை உணவு போதும். ஒருமுறை வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டால் ஆறு மாதம் வரை, சில நேரம் ஓராண்டு வரைகூட அது பட்டினி தாங்கும். ஆகவே அட்டை வளர்ப்பில் தீனி போடுவது சிறிய வேலை, தண்ணீரைப் பேணுவதுதான் பெரிய வேலை. அட்டையைப் பானையில் வைத்த பண்டை வைத்தியர், கடை ஜாடியில் வைத்த ஐரோப்பிய மருந்தாளர், இன்று வீட்டு மேசையில் கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பவர் ஆகிய எல்லோரும் முதலில் கற்றது இதைத்தான். இதைக் கற்க அக்கறை இல்லாத காலம் ஒன்றும் வந்தது. அந்தச் சில பத்தாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவின் குளங்களிலிருந்து அட்டை ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது.

ஐரோப்பிய மருத்துவ அட்டையின் வாயில் மூன்று தாடைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு நுண்பற்கள். கடித்த இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் தழும்பு விழும். இருபது முதல் நாற்பது நிமிடம்வரை குடித்துத் தன் எடையைப் போலப் பல மடங்கு ரத்தத்தை ஏற்றிக்கொண்டபின் அது தானாகவே விழுந்துவிடும். குடித்த ரத்தத்தில் உள்ள நீரையும் உப்பையும் முதல் சில நாட்களில் வெளியேற்றுகிறது. எஞ்சிய கெட்டியான பகுதியைக் குடல்பையில் தேக்கி, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் துணையோடு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை மெல்லிய வழவழப்பான தோலையும் உரிக்கும். இந்தக் கழிவுகள் சேர்ந்தால் தண்ணீர் கெடும், தண்ணீர் கெட்டால் அட்டை சாகும்.

வளர்ப்பு முறையை விவரமாகச் சொல்லும் மிகப் பழைய நூல்களுள் முதன்மையானது சுசுருத சம்ஹிதை. பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளில் இன்றைய வடிவத்தை அடைந்ததாகக் கருதப்படும் இந்த நூல், சூத்திர ஸ்தானத்தின் பதின்மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் அட்டைக்கே ஒதுக்கியிருக்கிறது. அரசர், செல்வர், குழந்தைகள், முதியோர், பெண்கள், அச்சமுள்ளோர் ஆகியோருக்கு ரத்தம் வாங்கும் வழிகளில் மிக மென்மையானது அட்டை என்கிறது அது. அட்டைகள் பன்னிரண்டு வகை. ஆறு நஞ்சுடையவை, ஆறு நஞ்சற்றவை. நல்ல அட்டைகள் கிடைக்கும் நிலப்பகுதிகளைப் பட்டியலிடும்போது யவன நாடு, சஹ்ய மலைப்பகுதி, பௌதனம் ஆகியவற்றோடு பாண்டிய நாட்டையும் அது சேர்க்கிறது. சஹ்யம் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலை. வைகை, தாமிரபரணிக் கரையின் குளங்கள் ஒரு வடமொழி மருத்துவ நூலில் அட்டைக்காகப் பெயர் பெற்றிருப்பது தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி.

நூல் சொல்லும் வளர்ப்பு முறை இது. ஈரத் தோலைக் கொண்டோ வேறு வகையிலோ அட்டையைப் பிடிக்க வேண்டும். பெரிய புதுப் பானையில் ஏரி, குளங்களின் நீரையும் சேற்றையும் இட்டு அதில் விட வேண்டும். உணவாகப் பாசி, உலர்ந்த இறைச்சி, நீர்க்கிழங்கு ஆகியவற்றைப் பொடித்துத் தூவ வேண்டும். படுக்கையாகப் புல்லும் நீர்த்தாவர இலைகளும். மூன்று நாளுக்கு ஒருமுறை நீரும் உணவும் மாற வேண்டும், ஏழு நாளுக்கு ஒருமுறை பானையே மாற வேண்டும். இவற்றில் உணவுப் பட்டியல் பயனற்றது. வளர்ந்த மருத்துவ அட்டை ரத்தம் தவிர வேறெதையும் உண்பதில்லை. ஆனால் நீர் மாற்றுவதற்குச் சொன்ன கால அளவு இன்றைய வளர்ப்பாளர் கைக்கொள்வதற்கு மிக அருகில் இருக்கிறது. சேறும் இலையும் கொடுத்து ஒளிவிடம் அமைத்ததும் சரியே, ஏனென்றால் வெளிச்சத்தில் மறைவின்றிக் கிடக்கும் அட்டை அமைதியாக இருக்காது.

பயன்படுத்திய அட்டையை என்ன செய்வது என்பதில் இந்த நூலின் அக்கறை வியப்பூட்டுவது. நோயாளியின் உடலில் இருந்து எடுத்த அட்டையின் மேல் அரிசி மாவைத் தடவி, வாயில் எண்ணெயும் உப்பும் பூசி, இடக்கை விரல்களால் வாலைப் பிடித்துக்கொண்டு, வலக்கை விரல்களால் வாய்நோக்கி மெல்ல நீவி, குடித்த ரத்தத்தைக் கக்க வைக்க வேண்டும். பிறகு நீர்க் கிண்ணத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். பசியோடு நீந்தித் திரிந்தால் சரியாகக் கக்கிவிட்டது. அடியில் போய் அசையாமல் கிடந்தால் கக்கியது போதாது, மீண்டும் நீவ வேண்டும். அரைகுறையாக விட்டால் அட்டைக்கு இந்திரமதம் என்னும் தீராத நோய் வரும் என்று எச்சரிக்கிறார் ஆசிரியர். பின்னாளில் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், கக்கிய அட்டையை ஏழு நாள் வரை மீண்டும் யார் மேலும் விடக்கூடாது என்று கூட்டிச் சொன்னது. நோயாளிக்கு மட்டுமல்லாமல் அட்டைக்கும் வரும் நோயை எண்ணிப் பார்த்த மருத்துவம் இது. தன்வந்திரி சிலைகளின் ஒரு கையில் அட்டையைக் காட்டும் மரபு உருவானதில் வியப்பில்லை.

தமிழ்ச் சித்த மருத்துவமும் இதைத் தன் முறைகளில் ஒன்றாக ஏற்றது. புற மருத்துவம் முப்பத்திரண்டில் ‘அட்டை விடல்’ ஒன்று. கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவை அதன் உறவு முறைகள். இங்கெல்லாம் பயன்பட்டது ஐரோப்பிய இனம் அல்ல, எருமையும் மாடும் இறங்கும் குளங்களில் வாழும் இந்தியக் கால்நடை அட்டை. அளவில் அது பெரியது, பசியும் அதிகம். கால்நடை இறங்கும் குளம் ஊருக்கு ஊர் இருந்த வரையில் வைத்தியர் அட்டையைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பாவிலும் அட்டை வைத்தியம் பழமையானது. கிரேக்க, ரோமானிய மருத்துவர் அதை அறிந்திருந்தனர். ஆனால் அங்கு பெருந்தொழிலாக வளர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதின் முற்பாதியிலும்தான். முதலில் இது பிடிப்பவர் தொழில், வளர்ப்பவர் தொழில் அல்ல. ஏழைகள், பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும், பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு குளத்தில் நின்று தங்கள் காலையே தூண்டிலாக்கினார்கள். 1814-இல் வெளிவந்த ‘யார்க்ஷயரின் ஆடைகள்’ என்ற படத்தொகுப்பில் அப்படிப்பட்ட பெண்களின் படம் ஒன்று இருக்கிறது. நாள் முழுதும் நீரில் நின்று, கடிவாயிலிருந்து ரத்தம் நிற்காமல் ஒழுக, அவர்கள் ஈட்டியது சொற்பம்.

அந்தத் தொழில் நலிந்ததற்கு ஒரு துல்லியமான சான்று 1800 அக்டோபரில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிராஸ்மியர் அருகே வழியில் சந்தித்த முதியவர் ஒருவரைப் பற்றி டாரதி வேர்ட்ஸ்வர்த் தன் நாட்குறிப்பில் எழுதினார். அந்த முதியவரின் தொழில் அட்டை பிடிப்பது. முன்பு நூறு அட்டை இரண்டரை ஷில்லிங்குக்குக் கிடைத்தது, இப்போது முப்பது ஷில்லிங். அட்டை அரிதாகிவிட்டது, அந்த ஆண்டு வறட்சி ஒரு காரணம், ஆனால் பல ஆண்டுகளாகவே அதற்குத் தட்டுப்பாடு, தேவை மிகுந்து போனது, அட்டையோ மெதுவாக வளர்வது. விலை பன்னிரண்டு மடங்கு ஏறியதன் காரணத்தை இதைவிடத் தெளிவாக ஓர் உயிரியல் அறிஞரும் சொல்லியிருக்க முடியாது. டாரதியின் அண்ணன் வில்லியம் 1802-இல் எழுதிய புகழ்பெற்ற கவிதை இந்த முதியவரைப் பற்றியதுதான். கவிதை அவருடைய மன உறுதியைப் பாடியது, நாட்குறிப்பு அவருடைய குளத்தின் நிலையைச் சொன்னது. வரலாற்றுக்குப் பின்னதே அதிகம் உதவுகிறது.

உண்மையான சூறை அதன்பின் வந்தது. பாரிஸின் வால் த கிராஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய பிரான்சுவா புரூசே (1772–1838), நோய்கள் எல்லாவற்றுக்கும் வேர் உறுப்புகளின் அழற்சி, குறிப்பாகக் குடலின் அழற்சி என்று போதித்தார். அதற்கு மருந்து பட்டினியும் அட்டையும். ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் அட்டை விடுவது வழக்கமானது. பிரான்ஸின் குளங்கள் சில ஆண்டுகளில் அட்டையற்றுப் போயின. 1833-இல் மட்டும் அந்த நாடு ஏறத்தாழ 4 கோடியே 15 லட்சம் அட்டைகளை இறக்குமதி செய்தது. ஹங்கேரி, போலந்து, உக்ரைன், துருக்கி என்று கிழக்கே கிழக்கே வணிகர் போனார்கள். ஈரத் துணிப் பைகளில் அட்டையைக் கட்டி, வண்டியில் ஏற்றி, வழிக் குளங்களில் நனைத்து நனைத்துக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே செத்தவை ஏராளம். வந்து சேர்ந்தவற்றிலும் பெரும்பாலானவை ஒருமுறை ரத்தம் குடித்ததும் எறியப்பட்டன. சுசுருதரின் நீவுதலோ வாக்படரின் ஏழு நாளோ இங்கு யாருக்கும் தோன்றவில்லை. அட்டை மலிவாக இருந்தவரை அதன் உயிரும் மலிவாகவே இருந்தது.

கடைகளில் நிலைமை சற்று மேல். மருந்தாளருக்கு அட்டை என்பது முதலீடு, செத்தால் நட்டம். அதனால் மூடியில் சிறு துளைகள் இட்ட அழகிய பீங்கான் ஜாடிகள் தோன்றின. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் பொன் எழுத்தில் பெயர் பொறித்துச் செய்த அட்டை ஜாடிகள் இன்று பழம்பொருள் சேகரிப்பவர் தேடும் பொருள். உள்ளே மழைநீர் அல்லது ஆற்றுநீர், பாசி, சில சமயம் கரித்துண்டு. பாசிக்குள் நுழைந்து செல்லும்போது உடலில் ஒட்டிய வழவழப்பு உரசிக் கழியும் என்பதைக் கடைக்காரர் அனுபவத்தில் கண்டிருந்தனர். மூடியை இறுகக் கட்டாவிட்டால் இரவோடிரவாக அட்டைகள் கடை முழுவதும் பரவிவிடும்.

ஜாடியில் இருந்த அட்டையை நாள்தோறும் பார்த்தவர்களில் சிலர் அதை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினர். கவிஞர் வில்லியம் கூப்பர் 1787-இல் தன் உறவினர் சீமாட்டி ஹெஸ்கெத்துக்கு எழுதிய கடிதத்தில், தன்னிடம் புட்டியில் ஓர் அட்டை இருப்பதாகவும், வானிலை மாற்றம் எதுவும் அதை ஏமாற்றுவதில்லை என்றும், உலகின் எல்லா வளிமானிகளைவிடவும் அது மேல் என்றும் சொன்னார். இடிமழைக்கு முன் அட்டை கலங்கி நீர்மட்டத்துக்கு மேல் ஏறும் என்பது அக்காலத்தவர் பலரும் நம்பியது.

அட்டையைச் செல்லப்பிராணி என்றே சொல்லத்தக்க அளவில் வளர்த்தவர் தாமஸ் எர்ஸ்கின். இங்கிலாந்தின் பெரும் வழக்கறிஞர், 1806–07-இல் அந்நாட்டின் லார்ட் சான்சலர். போர்ட்ஸ்மத்தில் கடும் நோயுற்றபோது இரண்டு அட்டைகள் தன் உயிரைக் காத்ததாக நம்பி, அவற்றை லண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் குவளையில் வைத்துத் தினமும் தன் கையாலேயே தண்ணீர் மாற்றினார். 1808-இல் அவர் வீட்டு விருந்துக்குப் போன சட்டச் சீர்திருத்தவாதி சாமுவேல் ரொமிலி இதைத் தன் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இரண்டும் தன்னை அடையாளம் காண்கின்றன, நன்றி பாராட்டுகின்றன, குணத்தில் ஒன்றுக்கொன்று வேறு என்று எர்ஸ்கின் உறுதியாகச் சொன்னாராம். அக்காலத்தின் இரு பெரும் அறுவை மருத்துவர்களான ஹோம், கிளைன் ஆகியோரின் பெயரையே அவற்றுக்குச் சூட்டியிருந்தார். பேச்சின் நடுவில் எழுந்துபோய் நூலக அறையிலிருந்து குவளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தும் காட்டினார். அட்டை மனிதனை அடையாளம் காணுமா என்பது ஒருபுறமிருக்க, எர்ஸ்கினின் பரிவு வெறும் பேச்சு அல்ல. அடுத்த ஆண்டே, 1809-இல், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதா ஒன்றை அவர் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தார். அங்கு நிறைவேறிய அது மக்கள் சபையில் தோற்றது. ஆனால் பிற்காலச் சட்டங்களுக்கு முன்னோடி அது.

விட்பி என்னும் கடற்கரை ஊரின் மருத்துவர் ஜார்ஜ் மெரிவெதர், கூப்பரின் புட்டியைப் பெரும் கருவியாக்கினார். வட்டமாக அடுக்கிய பன்னிரண்டு கண்ணாடிப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை அங்குல உயரம் மழைநீர், ஓர் அட்டை. புயல் நெருங்கும்போது அட்டை மேலே ஏறும். புட்டியின் கழுத்தில் இருக்கும் சிறு திமிங்கில வாய்த்தகட்டுத் துண்டை அது தள்ளினால் நடுவில் தொங்கும் மணி அடிக்கும். எத்தனை அட்டைகள் மணி அடிக்கின்றனவோ அத்தனை வலுவாகப் புயலை எதிர்பார்க்கலாம். ‘புயல் முன்னறிவிப்பான்’ என்று பெயரிட்ட இக்கருவி 1851-இல் லண்டனின் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. புட்டிகளை வட்டமாக அடுக்கியதற்கு அவர் சொன்ன காரணம்தான் இங்கு முக்கியம். அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும், தனிச்சிறையின் துயரம் அவற்றுக்கு வேண்டாம் என்றார் மெரிவெதர். அரசு அவர் கருவியை ஏற்கவில்லை, கடலோரங்களுக்கு வளிமானிகளே வந்தன. ஆயினும் அதன் மாதிரி ஒன்றை விட்பி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அட்டைப் பஞ்சம் முற்றியபோதுதான் ஐரோப்பா அதை வளர்க்கக் கற்றது. பிரான்ஸின் போர்தோ நகரைச் சுற்றிய ஜிரோந்துப் பகுதியில் 1830-களிலும் 40-களிலும் சதுப்பு நிலங்களைத் தொட்டிகளாகப் பிரித்து அட்டைப் பண்ணைகள் அமைத்தனர். பெஷாத் குடும்பத்தார் இதில் முன்னோடிகள். அட்டை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் ஆனது; எனினும் இனப்பெருக்கத்துக்கு இரண்டு கூட வேண்டும். நீருக்குள் முட்டையிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரையின் ஈர மண்ணில் கடற்பஞ்சு போன்ற கூட்டைப் பொதித்து வைக்கிறது. அதனால் பண்ணையாளர் கரை மண்ணை மிருதுவாகவும் ஈரமாகவும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கூடு வைக்கும் பருவத்தில் நீர்மட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதுவரை எல்லாம் நல்ல உழவனின் அறிவு.

கொடுமை தீனியில் இருந்தது. லட்சக்கணக்கான அட்டைகளுக்கு ரத்தம் வேண்டும். உழைத்து ஓய்ந்த கிழட்டுக் குதிரை, கழுதை, மாடு ஆகியவற்றை மலிவாக வாங்கிச் சதுப்பில் இறக்கினார்கள். ரத்தம் இழந்து தள்ளாடியவற்றைக் கரையேற்றிப் புல் கொடுத்துத் தேற்றி மறுபடி இறக்கினார்கள். முடிவில் அவை சதுப்பிலேயே விழுந்தன. அட்டை இனம் பிழைத்தது குதிரையின் ரத்தத்தில் என்பதை இந்த வரலாற்றை எழுதுபவர் மறைக்கக் கூடாது. மனிதர் தம் நோய்க்கு ஓர் உயிரைத் தேடி, அந்த உயிரைக் காக்க இன்னோர் உயிரை வதைத்தனர்.

அறிவு வந்தபோது தேவை போய்விட்டது. ரத்தம் எடுப்பதால் நோய் தீருவதில்லை என்பது நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டுப் பார்த்ததில் தெளிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அட்டை ஜாடிகள் பரணுக்குப் போயின. காட்டு அட்டைகள் மட்டும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. சதுப்புகள் வடிக்கப்பட்டன. குட்டி அட்டைகளின் முதல் உணவான தவளைகள் குறைந்தன, குளத்தில் இறங்கி நீர் குடிக்கும் குதிரைகள் மறைந்தன. அயர்லாந்தில் இனமே அழிந்தது. பிரிட்டனிலும் அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னர் கென்ட் போன்ற சில இடங்களில் எஞ்சியவை கண்டறியப்பட்டன. இன்று மருத்துவ அட்டை, அழிவின் விளிம்பை நெருங்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

மருத்துவத்துக்குள் அது திரும்பியது வேறு வாசல் வழியாக. 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட், அட்டையின் வாய்ச் சுரப்பில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் உண்டு என்று காட்டினார். அதற்கு ஹிருடின் என்று பெயரானது. 1950-களில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தனியே பிரித்தெடுத்தார். 1960-இல் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் இரண்டு அறுவை மருத்துவர்கள், ஒட்டுத் தோலில் தேங்கும் ரத்தத்தை வடிக்க அட்டை உதவுவதை எழுதினர். 1985-இல் பாஸ்டனில் ஒரு சிறுவனின் அறுந்த காதை ஒட்டவைத்தபோது அதைக் காத்ததில் அட்டைக்குப் பங்கு இருந்தது. ஒட்டவைத்த உறுப்பில் தமனிகளை எளிதில் இணைக்கலாம், நுண்ணிய சிரைகளை இணைப்பது கடினம். உள்ளே வரும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கினால் உறுப்பு அழுகும். புதிய சிரைகள் தாமே உருவாகும் சில நாட்கள்வரை அட்டை அந்த வழியாகிறது. 2004-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் போர்தோ அருகிலுள்ள பண்ணையின் அட்டைகளை மருத்துவச் சாதனமாக விற்க அனுமதித்தது. மூன்றாண்டு கழித்து மரபணு ஆய்வு ஒன்று, ‘மருத்துவ அட்டை’ என்ற பெயரில் விற்கப்பட்டவை உண்மையில் அதன் நெருங்கிய உறவான தெற்கத்திய இனம் என்று காட்டியது. இருநூறு ஆண்டுக் கலப்பு வணிகத்தின் தடம் அது.

இன்றைய பண்ணைகளில் குதிரை இல்லை. இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கிய மாட்டு ரத்தத்தை சாசேஜ் உறையில் நிரப்பி, உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி அட்டைகளிடம் வைக்கிறார்கள். விலங்கின் தோல் என்று எண்ணி உறையைக் கடித்துக் குடிக்கின்றன. விற்பதற்கு முன் பல மாதம் பட்டினி போடுகிறார்கள், அப்போதுதான் குடல் காலியாகி நோயாளியின் மேல் நன்கு கடிக்கும். மருத்துவமனையில் பயன்பட்டபின் அவற்றை மீண்டும் யாருக்கும் விடுவதில்லை, கொன்று அப்புறப்படுத்துகிறார்கள். தொற்று பற்றிய அறிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சில பண்ணைகள் பயன்பட்டவற்றைத் திரும்பப் பெற்று, தனிக் குளத்தில் ஆயுள் முடியும்வரை விட்டுவைப்பதும் உண்டு. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவமனைகள் சிலவற்றில் அட்டை விடல் இன்றும் நடக்கிறது.

வீட்டில் வளர்ப்பவர்கள் சிறு கூட்டம்தான், ஆனால் அவர்களின் முறை பழைய அறிவின் சாரம். குழாய் நீரின் குளோரின் அட்டைக்கு நஞ்சு, செம்பு அதைவிடக் கொடிய நஞ்சு. ஆகவே மழைநீரோ, குளோரின் போக்கிய நீரோ வேண்டும். செம்புப் பாத்திரம் கூடாது. வெயில் படாத குளிர்ந்த இடம், ஒளிந்துகொள்ளக் கல்லோ பாசியோ, ஏறிவர ஈரமான மேடு, துணியால் இறுகக் கட்டிய மூடி. நீர் கலங்கினால் உடனே மாற்றுவது, தீனி கொடுத்த வாரத்தில் அடிக்கடி மாற்றுவது. தீனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிலர் சாசேஜ் உறை முறையைப் பின்பற்றுகிறார்கள், சிலர் தங்கள் கையையே நீட்டுகிறார்கள். கை நீட்டுபவர் அறிய வேண்டியது: கடிவாய் பல மணிநேரம் ரத்தம் கசியும், அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா காயத்தில் தொற்றலாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்பவர் இதைச் செய்யவே கூடாது. குடித்துக்கொண்டிருக்கும் அட்டையை உப்பு போட்டு விடுவிக்கவும் கூடாது. உப்பு பட்டதும் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். விடுவிக்கவும் உப்பைச் சொன்ன சுசுருதரிடமிருந்து இன்றைய அறிவு இங்கும் விலகுகிறது. தானாக விழும்வரை காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் விழுந்துவிடும். விழுந்த அட்டையைத் தொந்தரவு செய்யாமல் இருட்டில் வைத்து, முதல் சில நாட்கள் தினமும் நீர் மாற்றினால், அடுத்த வேளை வரும்வரை அதற்கு வேறொன்றும் தேவையில்லை.